தொட்டிக்குள் கடல்: தாய்ப் பார் சொல்லும் பாடம்

 

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள். பிள்ளைகளுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

கொஞ்சக் காலமாக நம் பொடியன்மாரிடையே ஒரு புது ஆசை. வீட்டில் கடல்நீர்த் தொட்டி வைத்து, அதில் முருகைக் கல்லும் கலர் மீனும் வளர்க்க வேண்டும் என்கிறார்கள். "சேர், செலவும் வேலையும் குறைவாக அதைச் செய்ய வழி இருக்கா?" என்று வகுப்பிலும் கேட்கிறார்கள், வெளியிலும் கேட்கிறார்கள். வழி இருக்கிறது. அதைச் சொல்வதற்கு முன் அதன் வரலாற்றைச் சொல்ல வேண்டும். ஏனென்றால் அந்த வரலாற்றில் நம் மன்னார்க் கடலுக்கும் பெரிய பங்கு உண்டு.

முதலில் இங்கிலாந்து. 1846 இல் ஆனா தைன் என்ற அம்மையார் கடற்கரை ஊரொன்றிலிருந்து சில முருகை உயிர்களை லண்டனுக்குக் கொண்டுபோனார். அவற்றை ஊசி நூலால் கடற்பஞ்சில் தைத்து, கடல்நீர் நிரப்பிய சாடிக்குள் வைத்திருந்தார். லண்டனில் புதுக் கடல்நீருக்கு எங்கே போவது? இருந்த நீரையே பாத்திரம் மாற்றி மாற்றி ஊற்றிக் காற்றுப் பட வைத்தார்கள். அந்த வேலையைச் செய்தவர் அவர் வீட்டுப் பணிப்பெண். அடுத்த வருடம் கடற்பாசியையும் சேர்த்தபோதுதான் தொட்டி ஓரளவு தன் காலில் நின்றது. 1853 இல் லண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் பொதுமக்களுக்கான மீன்தொட்டிகள் திறக்கப்பட்டன. 1854 இல் பிலிப் ஹென்றி கொஸ்ஸே இதைப் பற்றி எழுதிய புத்தகம்தான் "அக்குவாரியம்" என்ற சொல்லையே உலகம் முழுக்கப் பரப்பியது.

அதற்கு மூன்றே வருடத்தில், 1857 இல், நம் நாட்டிலும் ஒருவர் கடல் உயிரைத் தொட்டியில் வைத்துக் கவனிக்கத் தொடங்கினார். இடம் திருகோணமலை. உயிர் முத்துச் சிப்பி. ஆள், டொக்டர் எட்வர்ட் பிரெடெரிக் கெலார்ட்.

கெலார்ட் 1819 இல் இலங்கையில் பிறந்த பறங்கியர். இராணுவ வைத்தியர். இலங்கை விலங்குகளைப் பற்றி 1852 இல் ஒரு நூலை வெளியிட்டவர். அவர் கையில் முத்துச் சிப்பியை ஒப்படைத்தது அன்றைய அரசாங்கம். அதற்குக் காரணம் விஞ்ஞான ஆர்வம் மட்டுமல்ல, காசு.

அரிப்பில் கடலைப் பார்த்தபடி இடிந்து நிற்கும் "அல்லி ராணி கோட்டை" எல்லோருக்கும் தெரியும். அது அல்லி ராணி கட்டியதல்ல. முதலாவது ஆங்கிலேயத் தேசாதிபதி பிரெடெரிக் நோர்த், முத்துக்குளிப்பை இருந்து பார்ப்பதற்காக 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிய மாளிகை. அந்தளவுக்கு இந்தக் கரையின் வருமானம் பெரிது. ஆனால் 1837 க்குப் பிறகு பார்கள் வெறுமையாகின. 1855 வரை குளிப்பே நடக்கவில்லை. சிப்பி எங்கே போனது? யாரும் களவாக எடுத்தார்களா? தானாகச் செத்ததா? கொழும்பில் யாருக்கும் விடை தெரியவில்லை. அந்த விடையைத் தேடித்தான் கெலார்ட்டை நியமித்தார்கள்.

அவர் தொட்டியில் கண்டவை அக்காலத்துக்குப் புதுமையானவை. சிப்பி, நார் போன்ற தன் இழைகளால் கல்லைப் பிடித்துக்கொண்டிருக்கும். தேவையானபோது அந்த இழையைத் தானே அறுத்துக்கொண்டு நகரும். வேறிடத்தில் புது இழை விட்டு மறுபடியும் ஒட்டிக்கொள்ளும். நாம் நினைப்பதைவிட அது வலுவான உயிர் என்பதையும் அவர் கண்டார். உவர்ப்புக் குறைந்த நீரிலும், நாளுக்கு இரண்டு மூன்று மணித்தியாலம் வெயில் படும் ஆழமற்ற இடத்திலும்கூட அது தாக்குப்பிடித்தது. அப்படியானால் சிப்பியை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மாற்றி வளர்க்கலாம் அல்லவா? அந்த நம்பிக்கையைக் கொடுத்தவர் அவர். வேலை முடிவதற்குள், 1860 இல், இங்கிலாந்துக்குப் போகும் வழியில் கப்பலிலேயே காலமானார். வயது 40.

சிப்பி நகரும் என்று தொட்டி சொன்னது உண்மை. ஆனால் ஒரு பார் முழுவதும் ஏன் காலியாகிறது என்பதற்கு அது போதுமான விடையாக இல்லை. அந்த விடைக்குக் கடலுக்குள்ளேயே போக வேண்டியிருந்தது.

1902 இல் பேராசிரியர் ஹேர்ட்மன் லிவர்பூலிலிருந்து வந்தார். அவரோடு வந்த ஜேம்ஸ் ஹோர்னெல் இங்கேயே தங்கி வேலையைத் தொடர்ந்தார். பார்களை ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். அவற்றில் ஒன்று பெரிய பார். கரையிலிருந்து வெகு தூரத்தில், கடல் திடீரென்று ஆழமாகும் விளிம்புக்குக் கிட்ட இருப்பது. அங்கே குஞ்சுச் சிப்பி கோடிக்கணக்கில் வந்து படியும். அடுத்த முறை போய்ப் பார்த்தால் ஒன்றும் இராது. இருபது வருடப் பதிவுகளில் பத்துத் தடவைக்கு மேல் இப்படி நடந்திருந்தது. ஒரு தடவைகூட அங்கே குளிப்புக்குச் சிப்பி முற்றவில்லை.

அந்தப் பாருக்கு நம் கடல்காரர்கள் வைத்திருந்த பெயரையும் ஹேர்ட்மன் எழுதி வைத்தார். "தாய்ப் பார்." அங்கே பிறக்கும் குஞ்சுகள்தான் மற்றப் பார்களுக்குப் போகின்றன என்பது அவர்கள் எண்ணம். ஹேர்ட்மன் அதை ஏற்கவில்லை. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அடி நீர் கலங்கி, மணல் புரண்டு, குஞ்சுகளை மூடியோ அள்ளிக்கொண்டோ போகிறது என்றார். மீனும் திருக்கையும் தின்பது, சிப்பி ஒன்றன்மேல் ஒன்றாய் நெருங்கி வளர்வது, அளவுக்கு மீறிக் குளிப்பது ஆகியவற்றையும் காரணங்களாகக் கண்டார். விளக்கம் வேறாக இருக்கலாம். ஆனால் அந்தப் பாரில் குஞ்சு வரும், நிற்காது என்ற விஷயம் படிக்காத சுழியோடிக்கும் அடப்பனாருக்கும் விஞ்ஞானிக்கு முன்பே தெரிந்திருந்தது. அதனால்தான் அப்படி ஒரு பெயர்.

ஹேர்ட்மன் சொன்ன பரிகாரம் இரண்டு. ஒன்று, குஞ்சுகளை அங்கிருந்து அள்ளிப் பாதுகாப்பான பாருக்கு மாற்றுவது. மற்றது, மணல் தரையில் கல்லும் ஓடும் போட்டுச் சிப்பி பிடிக்க இடம் கொடுப்பது. இரண்டாவதைக் கவனியுங்கள். சிப்பிக்கு முதலில் தேவை பிடித்து நிற்க ஒரு கல். "பார்" என்று நாம் சொல்வதே கடலடிப் பாறையைத்தானே.

அந்த அறிவுரை வந்த காலத்தில் என்ன நடந்தது? 1905 இல் மறிச்சுக்கட்டியில் ஒரு பட்டணமே முளைத்தது. நம் ஆட்களோடு கீழக்கரை முஸ்லிம்களும், தூத்துக்குடிப் பரதவரும், அரபுச் சுழியோடிகளும் குளித்தார்கள். ஒரே பருவத்தில் 8 கோடிக்கு மேற்பட்ட சிப்பி மேலே வந்தது. அரசாங்கத்துக்கு 25 இலட்சம் ரூபா கிடைத்தது. அந்தப் பெருவருமானத்தைப் பார்த்து லண்டன் கம்பனி ஒன்று வந்தது. 1906 இல் 20 வருடக் குத்தகை. வருடத்துக்கு 3 இலட்சத்து 10 ஆயிரம் ரூபா. ஆனால் 1907 குளிப்போடு பார்கள் மறுபடியும் வெறுமையாகிவிட்டன. குத்தகைக் காலம் முடிவதற்கு முன்பே கம்பனி கலைந்து போனது.

இனித் தொட்டிக்கு வருவோம். கெலார்ட் காலத்தில் யாருக்கும் தெரியாத ஒரு விஷயம் இருந்தது. மீன் கழிவிலிருந்து அமோனியா வருகிறது. அது மீனுக்கு நஞ்சு. சில பற்றீரியாக்கள் அதை நைத்திரைற்றாகவும், பிறகு நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. 1890 அளவில் ரஷ்ய விஞ்ஞானி வினோகிராட்ஸ்கிதான் அந்தப் பற்றீரியாக்களைப் பிரித்துக் காட்டினார். அதற்குப் பிறகும் பல காலம் மேல்நாட்டுக்காரர்கள் கடல்நீர்த் தொட்டிக்கு வடிகட்டியும் இயந்திரமும் பூட்டிக்கொண்டே இருந்தார்கள். முருகை அதில் நிலைக்கவில்லை.

வழி காட்டியவர் நம்மைப் போலச் சூடான கடலுக்குப் பக்கத்தில் வாழ்ந்த ஒருவர். ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங். 1961 இல் அமெரிக்கச் சஞ்சிகை ஒன்றில் தன் முறையை எழுதினார். கடலிலிருந்து எடுத்த, உயிர்கள் குடியிருக்கும் கல். நல்ல கடல்நீர். வெயில் வெளிச்சம். மெதுவாக வரும் காற்றுக் குமிழி. அவ்வளவுதான். வடிகட்டி இல்லை. துளை துளையான அந்தக் கல்லின் மேற்பரப்பில் ஒரு வகைப் பற்றீரியா அமோனியாவை மாற்றும். ஒட்சிசன் எட்டாத உட்பகுதியில் இன்னொரு வகை நைத்திரேற்றை நைதரசன் வாயுவாக்கி வெளியே அனுப்பும். உண்மையான வேலைக்காரன் கல்தான். மேல்நாடுகள் இதைப் பரவலாக ஏற்க இன்னும் இருபது வருடமளவு சென்றது.

ஆக, "பராமரிப்புக் குறைந்த தொட்டி" என்றால் வேலை இல்லாத தொட்டி என்று அர்த்தமல்ல. வேலையைக் கல்லிடம் விட்டுவிட்டு, அதைக் குழப்பாமல் இருப்பது. நம் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்.

முதலில், கடலில் இருக்கும் உயிருள்ள முருகைக் கல்லில் கை வைக்காதீர்கள். நம் நாட்டுச் சட்டப்படி அது குற்றம். ஜகார்த்தாக்காரர் 1961 இல் செய்ததை இன்று நாம் செய்ய முடியாது, செய்யவும் தேவையில்லை. உயிரில்லாத, துளையுள்ள காய்ந்த கல்லைப் போட்டாலும் பற்றீரியா மெல்ல மெல்லக் குடியேறும். அதற்கு ஒரு மாதம், ஒன்றரை மாதம் செல்லும். அதுவரை மீன் விடாதீர்கள். அவசரப்பட்டவர்களின் தொட்டிதான் முதல் வாரமே நாறும்.

இரண்டாவது, சின்னத் தொட்டி லேசு என்று நினைக்காதீர்கள். நீர் குறைந்தால் சூடும் உப்பும் சட்டென்று மாறும். 100 லீற்றருக்குக் குறையாமல் வையுங்கள். மீன் இரண்டோ மூன்றோ போதும். தீனி கொஞ்சம்.

மூன்றாவது, தண்ணீர் வற்றினால் கடல்நீர் ஊற்றாதீர்கள். மன்னார் உப்பளத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை. நீர்தான் ஆவியாகும், உப்பு அங்கேயே நிற்கும். ஆகவே வற்றிய அளவுக்கு நல்ல தண்ணீர்தான் விட வேண்டும். நம் குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் அதைப் போக்கிவிட்டு விடுங்கள்.

நான்காவது, சூடு. சித்திரை, வைகாசியில் நம் வீட்டுக்குள் தொட்டி 30 பாகையைத் தாண்டிவிடும். முருகை அதில் வெளுக்கும். 1998 இலும் 2016 இலும் இலங்கைக் கடலிலேயே அது நடந்தது. அதனால் முதல் இரண்டு வருடம் முருகை ஆசையை விட்டுவிட்டு மீன், நத்தை, பாசியோடு நில்லுங்கள்.

மின்சாரம் போனால்? ஆனா தைன் வீட்டுப் பணிப்பெண் செய்ததுதான். ஒரு கோப்பையால் அள்ளி அள்ளி ஊற்றுங்கள்.

கெலார்ட்டின் கனவு கடைசியில் நம் எதிர்க்கரையில் நிறைவேறியது. தூத்துக்குடியில் இந்திய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தார் 1973 இல் வளர்ப்பு முத்தை எடுத்தார்கள். 1981 இல் முத்துச் சிப்பிக் குஞ்சைத் தொட்டியிலேயே பொரிக்க வைத்தார்கள். நம் பார்களில் இருக்கும் அதே இனச் சிப்பி.

நமக்கு இதில் ஒரு கடமை உண்டு. 1990 ஒக்டோபரில் இந்த மண்ணை விட்டு நம்மை வெளியேற்றினார்கள். வீடும் வள்ளமும் மட்டும் போகவில்லை. எந்தப் பார் எந்தத் திசையில், எந்த மாதம் எந்த நீரோட்டம் என்று வாப்பா மகனுக்குச் சொல்லிக்கொடுக்கும் அந்தப் பழக்கமும் நடுவில் அறுந்தது. இரண்டு தலைமுறை புத்தளத்தில் வளர்ந்தது. திரும்பி வந்த பிள்ளைகளுக்குச் சிலாவத்துறைக் கடல் தெரியும், அதன் அடி தெரியாது. இந்த நிலையில் ஒரு கண்ணாடித் தொட்டி அவர்களைக் கடலின் பக்கம் திருப்புமென்றால் நான் மகிழ்வேன். அதை நிரப்பக் கடலைக் கொத்துவார்களென்றால் அந்தத் தொட்டி வேண்டாம்.

உங்கள் வீட்டில் வயதான வாப்பா, மூத்தவாப்பா, உம்மும்மா இருந்தால் இன்றைக்கே கேளுங்கள். முசலியோ, அரிப்போ, வங்காலையோ, எருக்கலம்பிட்டியோ, எந்த ஊராக இருந்தாலும் சரி, எந்தச் சமயத்தவராக இருந்தாலும் சரி. அவர்களுக்குத் தெரிந்த பார்களின் பெயரை, அடையாளத்தை, காலத்தை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். எழுதியதைப் பாடசாலைக்குக் கொண்டு வந்து தாருங்கள். ஒரு பெரிய வரைபடம் கீறி வகுப்பில் மாட்டுவோம், இன்ஷா அல்லாஹ். "தாய்ப் பார்" என்ற பெயர் ஒரு வெள்ளைக்காரரின் அறிக்கையில் மட்டும் மிஞ்சக் கூடாது.