பீஷணம் என்னும் திருநாமம்: அஞ்சுவார் யார்?

மந்த்ரராஜம் எனப்படும் ஸ்ரீந்ருஸிம்ஹாநுஷ்டுப் 32 திருவக்ஷரங்களைக் கொண்டது. அதன் மூன்றாம் பாதம் மூன்றே பதங்களால் ஆனது: ந்ருஸிம்ஹன், பீஷணன், பத்ரன். நடுவில் நிற்கும் பதத்துக்குப் பேரச்சம் விளைப்பவன் என்று பொருள். அதனை ஒட்டியே மங்களமே வடிவானவன் என்னும் பதம் வருகிறது. உக்ரமூர்த்தியைத் திருமாளிகையில் எழுந்தருளப்பண்ணத் தயங்குவோர் இன்றும் உளர். அவர்கள் தயக்கம் இந்த நடுப்பதத்தைப் பற்றியதே. அடியவனும் அஞ்சவேண்டும் என்று இத்திருநாமம் சொல்லுகிறதா?

முதலில் சொல்லின் பிறப்பைக் காண்போம். அச்சப் பொருளுடைய ‘பீ’ என்னும் தாதுவைப் பிறவினையாக்கும்போது பாணினி ஒரு வேறுபாடு செய்கிறார். அச்சம் அச்சுறுத்துபவனிடமிருந்தே நேராக உண்டாகுமானால் தாது ஷகாரம் பெற்று ‘பீஷயதே’ என்றாகும் (7.3.40, 1.3.68). கையிலுள்ள ஒரு கருவியைக் காட்டி அச்சுறுத்தினால் ‘பாயயதி’ என்றே நிற்கும். காசிகாவ்ருத்தி இவ்விரண்டுக்கும் தனித்தனி உதாரணம் காட்டும். பீஷண பதம் முதல் வகையில் பிறந்தது. ஆகவே ஆயுதத்தால் அன்றித் தன் ஸ்வரூபத்தாலேயே அச்சம் விளைப்பவன் என்பது இலக்கணம் தரும் பொருள். எந்த ஆயுதத்தாலும் சாகாத வரம் பெற்ற இரணியன்முன் திருவுகிரே படையாகத் தோன்றியவனுக்கு இதனினும் பொருந்தும் பதம் கிடைப்பது அரிது.

பாணினியின் மற்றொரு ஸூத்ரமும் (1.4.25) இங்கு நினைக்கத்தக்கது. அஞ்சுதல், காத்தல் என்னும் இருபொருள் தாதுக்களுக்கும் அச்சத்தின் காரணம் ஒரே ஐந்தாம் வேற்றுமையில் வரும் என்கிறது அது. புலியிலிருந்து அஞ்சுகிறான், புலியிலிருந்து காக்கிறான் என இரண்டும் வடமொழியில் ஒரே வாய்பாடு.

இனி, அஞ்சுவார் யார் என்னும் கேள்வி. காற்று, கதிரவன், அக்நி, இந்த்ரன், ஐந்தாவதாக ம்ருத்யு ஆகியோர் அவனிடம் அச்சத்தால் தத்தம் தொழிலைச் செய்கின்றனர் என்பது தைத்திரீயத்தின் ஆநந்தவல்லி. எம்பெருமானார் ஸ்ரீபாஷ்யத்தில் ப்ரமிதாதிகரணத்தில், கடோபநிஷத்து கூறும் உலகநடுக்கத்தை விளக்குமிடத்து இந்தச் ச்ருதியைத் துணையாகக் கொள்கிறார். ஆணையை மீறினால் என்ன நேருமோ என்று நடுங்குகிறது உலகு. அந்த நடுக்கமே நியமிப்பவன் புருஷோத்தமன் என்பதற்கு அடையாளம். இங்கு அச்சம் அனைவருக்கும் பொது. ந்ருஸிம்ஹதாபநீயமும் இவ்வழியிலேயே பீஷண பதத்தை விவரித்து, அவ்வுருவைக் கண்டு உலகரும் தேவரும் எல்லா உயிர்களும் ஓடுகின்றனர், அவனோ எதற்கும் அஞ்சான் என்கிறது.

அஹிர்புத்ந்ய ஸம்ஹிதையின் மந்த்ரராஜபத ஸ்தோத்ரத்துக்கு வந்தால் காட்சி மாறுகிறது. அங்கே ஓடுவன பூதங்களும் வேதாளங்களும் ராக்ஷஸரும் நோய்களுமே. அவையும் திருவுருவைக் கண்டு ஓடவில்லை. திருநாமத்தை ஒருவன் நினைத்த அளவிலேயே ஓடுகின்றன. நினைப்பவன் அஞ்சவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும். அச்சம் அவனை விட்டு அவனுடைய பகைகளிடம் சென்றுவிட்டது. என் கருத்தில், பீஷண பதத்தின் வரலாற்றில் இதுவே பெரிய திருப்பம். ஸஹஸ்ரநாமத்தின் ‘பயக்ருத்’ என்னும் நாமத்துக்குச் சங்கரர் இரு பொருள் உரைப்பதும் இதனை ஒத்தது: தீநெறியாளர்க்கு அச்சம் செய்பவன் என்பது ஒன்று, பக்தர்களின் அச்சத்தை அறுப்பவன் என்பது மற்றொன்று. முன்னது செய்தல் தாதுவைக் கொண்டது, பின்னது அறுத்தல் தாதுவைக் கொண்டது.

ஸ்ரீபாகவதம் ஏழாம் ஸ்கந்தம் ஒன்பதாம் அத்யாயத்தில் இக்கேள்விக்கு நேர்விடையே உண்டு. தேவர்கள் வேண்டியும் திருமகள் அணுகத் தயங்கினாள் என்கிறது அந்நூல். பிராட்டியே தயங்கிய இடத்துக்குச் சிறுபிள்ளை சென்றான். உன் கோரப்பற்களுக்கும் நாவுக்கும் கர்ஜனைக்கும் நான் அஞ்சேன். பொறுத்தற்கரிய உக்ரமான ஸம்ஸார சக்ரத்துக்கே அஞ்சுகிறேன் என்பது ப்ரஹ்லாதனின் விண்ணப்பம். மந்த்ரராஜத்தின் முதற்பதமான ‘உக்ரம்’ என்பதை எடுத்து ஸம்ஸாரத்துக்குச் சூட்டிவிட்டான் அப்பிள்ளை!

தமிழில் இந்தக் கருத்து எவ்வளவு எளிமையாகிவிட்டது என்பதற்குப் பெரியாழ்வாரைப் பார்க்கவேண்டும். அவர் திருமொழியில் இரண்டாம் பத்தின் முதல் திருமொழி முழுவதும் அப்பூச்சி காட்டுதலைப் பற்றியது. இமையை மடக்கிக் காட்டியும் முகத்தைக் கோணியும் பிறரை வெருட்டும் பிள்ளை விளையாட்டுக்கு அப்பூச்சி என்று பெயர். முதற்பாசுரத்தில் அவனைச் சங்கேந்தியவனாகவும், பாண்டவர்க்காகத் தூது நடந்து பாரதப்போரில் நின்றவனாகவும் காட்டிவிட்டு, அவன்தான் இப்போது அப்பூச்சி காட்டுகிறான் என்கிறார் ஆழ்வார். அதைக் காணும் ஆய்ச்சியரும் அஞ்சுவதாகத்தான் பேசுகிறார்கள். ஆயினும் அவ்விடத்தை விட்டு ஒருத்தியும் ஓடவில்லை.