மோனோ ஏரி

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், சியரா நெவாடா மலைத்தொடரின் கிழக்கு அடிவாரத்தில் உள்ள உப்பு ஏரி. வயது 7,60,000 ஆண்டுகளுக்குக் குறையாது. மலைப்பனி உருகி ஓடைகளாக வந்து சேர்கிறது, வெளியேற வழியில்லை. நீர் ஆவியாகிவிட, உப்பு தங்கிவிடுகிறது. மீன் வாழாத இந்த நீரில் உப்புநீர் இறாலும் ஒருவகை ஈயும் கோடிக்கணக்கில் பெருகுகின்றன. அந்த ஈயின் கூட்டுப்புழு, இப்பகுதியின் தொல்குடிகளான குட்ஸாடிகா மக்களுக்கு உணவாக இருந்தது. பறவைகளுக்கு இன்றும் ஈயும் இறாலும் விருந்து. கலிபோர்னியக் கடற்காகங்கள் இங்குள்ள தீவுகளில் கூடு கட்டுகின்றன. இலையுதிர் காலத்தில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கருங்கழுத்து முக்குளிப்பான்கள் வந்து இறங்குகின்றன. கோடையில் வரும் வில்சன் ஃபலரோப், சில வாரங்களில் தன் எடையை இருமடங்காக்கிக்கொண்டு தென் அமெரிக்காவுக்குப் பறக்கிறது.

உப்பு ஏரிக்கும் உயிர் நன்னீர்தான். 1941-இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரம் இதன் ஓடைகளைக் குடிநீருக்காகத் திருப்பத் தொடங்கியது. அதற்கு முறையான அனுமதியும் இருந்தது. அடுத்த நாற்பது ஆண்டுகளில் நீர்மட்டம் சுமார் 45 அடி தாழ்ந்தது, கொள்ளளவு பாதியானது, லிட்டருக்கு ஏறத்தாழ 50 கிராமாக இருந்த உப்பு இரட்டித்தது. நீருக்கடியில் உருவான சுண்ணாம்புப் பாறைத் தூண்கள் கரையில் வெறுமையாக நின்றன. பயணிகள் இன்று வியந்து படமெடுக்கும் அந்தத் தூண்கள் உண்மையில் ஏரி இழந்த நீரின் அளவுகோல்கள். காய்ந்த படுகையிலிருந்து உவர்ப்புழுதி கிளம்பியது. 1979-இல் ஏரியின் நெகிட் தீவு கரையோடு ஒட்டிக்கொள்ள, கொயோட்டி எனப்படும் ஓநாயினம் நடந்தே உள்ளே புகுந்தது. கடற்காகங்கள் கூடுகளைக் கைவிட்டன.

இந்த அழிவை முதலில் கணக்கெடுத்தவர்கள் மாணவர்கள். 1976-இல் ஏரியின் சூழலியலை ஆராய்ந்த குழுவில் இருந்த டேவிட் கெயின்ஸ், 1978-இல் மோனோ ஏரிக் குழுவைத் தொடங்கினார். மறு ஆண்டு பறவைப் பாதுகாப்பு அமைப்பான ஆடுபான் சங்கத்துடன் சேர்ந்து நகரத்தின் மீது வழக்குத் தொடுக்கப்பட்டது. 1983-இல் கலிபோர்னிய உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு நீர்ச் சட்ட வரலாற்றில் ஒரு திருப்பம். இயற்கை நீர்நிலைகளுக்கு அரசு அறங்காவலர் மட்டுமே. ஒருமுறை கொடுத்த நீர் உரிமையையும் பொதுநலன் கருதி மறுபரிசீலனை செய்யும் கடமை அதற்கு உண்டு என்றது. பியாஸ் ஆற்றங்கரை ஆக்கிரமிப்பு வழக்கில் 1996-இல் தீர்ப்பளித்த இந்திய உச்ச நீதிமன்றம், இந்தத் தீர்ப்பை எடுத்துக்காட்டியே பொது அறங்காவல் கோட்பாட்டை ஏற்றது.

கெயின்ஸ் 1988-இல் சாலை விபத்தில் இறந்தார். நகரத்தின் தாகத்தைப் பகையாகக் கருதாமல், அங்கேயே நீர்ச் சிக்கனத்தைப் பரப்பியது அவர் தொடங்கிய குழுவின் பெருஞ்சிறப்பு. தண்ணீர் குறைவாகச் செலவாகும் கழிப்பறைத் தொட்டிகளை நகரத்து வீடுகளில் பொருத்த அது துணைநின்றது. 1994-இல் மாநில நீர்வள வாரியம், கடல் மட்டத்திலிருந்து 6,392 அடி உயரத்துக்கு ஏரி நிரம்ப வேண்டும் என நிர்ணயித்து, நகரம் எடுக்கும் நீரைக் கடுமையாகக் குறைத்தது. இருபது ஆண்டுகளில் நிரம்பிவிடும் என்று எதிர்பார்த்தார்கள். முப்பது ஆண்டுகள் கடந்த 2024-இலும் ஏரி அந்த மட்டத்தை எட்டவில்லை.