48 மணி நேரத்தில் ஒரு கேம்

போன தடவை தபால்தலை. இந்தத் தடவை சம்பந்தமே இல்லாமல் கம்ப்யூட்டர் கேம். பொறுத்துக்கொள்ளுங்கள் மக்களே :)

கேம் செய்யும் போட்டி என்றால் நேற்று முளைத்த சமாச்சாரம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். தேடிப் பார்த்தால் கதை 2002-க்குப் போகிறது. அந்த வருடம் மார்ச்சில் கலிபோர்னியாவில் உள்ள ஓக்லண்டில் கிறிஸ் ஹெக்கர், ஷான் பாரெட் ஆகியோர் 'இண்டி கேம் ஜாம்' என்று ஒன்றை நடத்தினார்கள். திரையில் ஒரே சமயத்தில் ஒரு லட்சம் உருவங்களைக் காட்டக்கூடிய என்ஜினை முன்கூட்டியே செய்து, வந்தவர்கள் கையில் கொடுத்துவிட்டார்கள். மாவை ஆட்டி வைத்துவிட்டு, தோசையை மட்டும் நீங்களே வார்த்துக்கொள்ளுங்கள் என்கிற மாதிரி.

அடுத்த மாதம் ஜெஃப் ஹவ்லண்ட் இணையத்தில் ஆரம்பித்த 'லூடம் டேர்' வேறு ரகம். லத்தீனில் 'விளையாட்டைத் தருதல்' என்று அர்த்தம். இங்கே மாவு கிடையாது, அரிசியை ஊறவைப்பதிலிருந்து எல்லாம் நம் வேலை. முதல் போட்டிக்கு 24 மணி நேரம்தான். அது போதாமல் பிறகு 48 ஆனது. தலைப்பு என்ன என்பது போட்டி ஆரம்பிக்கும்போதுதான் தெரியும். கோடு, படம், சத்தம் எல்லாவற்றையும் ஒரே ஆள் செய்து, சோர்ஸ் கோடையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். குழுவாகச் செய்ய 72 மணி நேர 'ஜாம்' பிரிவு 2010-ல்தான் வந்தது. பரிசுப் பணம் கிடையாது. மார்க் போடுவதும் சக போட்டியாளர்கள்தான். நடுநடுவே எவ்வளவு முடிந்தது என்று படம் போடுவார்கள், என்ன சாப்பிட்டோம் என்றும் போடுவார்கள். தூங்காமல் உட்கார்ந்திருப்பவனுக்கு அது ஒரு தெம்பு.

எனக்குப் பிடித்த உதாரணம் 2011 டிசம்பர் போட்டி. தலைப்பு 'தனிமை'. மைன்கிராஃப்ட் முழுமையாக வெளியாகி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அதைச் செய்த மார்கஸ் பெர்சன் ('நாட்ச்') அந்தப் போட்டியில் உட்கார்ந்து 'மினிகிராஃப்ட்' என்று ஒன்றைச் செய்தார். மரம் வெட்டலாம், சுரங்கம் தோண்டலாம், உலை வைக்கலாம், கடைசியில் வானத்தில் ஒரு மந்திரவாதியோடு சண்டை. இரண்டு நாளில் இவ்வளவா?

கோடைத் திறந்து பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. வரைந்த படங்களில் கலரே இல்லை, வெறும் சாம்பல் நிறம். கலரைக் கோடுதான் பூசுகிறது. மண்வெட்டி, களைக்கொத்தி, வாள், குத்துக்கோடரி, கோடரி என்று ஐந்தே படம். மரம், கல், இரும்பு, தங்கம், ரத்தினம் என்று கலரை மாற்றினால் இருபத்தைந்து கருவி. மனுஷன் வேகமாக வரையவில்லை, வரையவேண்டிய வேலையையே ஒழித்துவிட்டார்!

இது ஏன் உறைத்தது என்றால், இரண்டாம் வருடம் படிக்கும்போது ஹாஸ்டலில் நாங்கள் மூன்று பேர் இதே மாதிரி ஒரு 48 மணி நேரப் போட்டியில் இறங்கினோம். சனிக்கிழமை சாயங்காலம் முழுக்க நான் வாள் வரைந்தேன், ஏழு வாள். இன்னொருவன் மெனுவுக்கு மியூசிக் போட்டுக்கொண்டிருந்தான். ஞாயிறு காலையில் பார்த்தால் ஹீரோ தரையில் நிற்கவே மாட்டேன் என்கிறான், கீழே விழுந்துகொண்டே இருக்கிறான். ஏழு வாள் இருந்து என்ன பயன்?

எல்லாமே அந்த வாரக்கடைசியோடு முடிந்துவிடுவதில்லை. 2013 டிசம்பர் லூடம் டேருக்குச் செய்த 'டைட்டன் சோல்ஸ்' 2015-ல் விற்பனைக்கு வந்தது. டேனியல் முல்லின்ஸ் 2018 டிசம்பரில் செய்த சின்னச் சீட்டு விளையாட்டு 2021-ல் 'இன்ஸ்கிரிப்ஷன்' ஆனது. இரண்டிலுமே முதல் வடிவம் சின்னது, ஆனால் விளையாட முடிந்தது.

ஞாயிறு ராத்திரி, இன்னும் ஒரு மணி நேரம் பாக்கி. "இருக்கிறதை அனுப்பிடலாம் மச்சான், விழுறதையே கேம்னு சொல்லிடலாம்" என்றான் மியூசிக் போட்டவன். மானம் போயிடும் என்று நான்தான் தடுத்தேன். போன வாரம் அந்த ஃபோல்டரைத் திறந்து ஓடவிட்டேன். ஹீரோ விழுந்துகொண்டே இருக்க, அம்புக்குறியை அழுத்தி இடம் வலமாக நகர்த்திக்கொண்டே அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அவன் சொன்னது சரிதான்.