பாலாற்றில் கரைந்த உப்பு

கங்காதர நெல்லூரில் வாழும் நமக்குப் பாலாறு அயல் ஆறன்று. சித்தூரைத் தழுவிவரும் நீவா நதி, பொன்னையாற்றோடு கூடி அதனைத்தான் சென்றடைகிறது. அப்பாலாற்றில் வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டைத் தோற்சாலைகளின் கழிவுநீர் பல்லாண்டுகள் கலந்து வந்தது. வேலூர் குடிமக்கள் நலச் சங்கத்தார் 1991-இல் வழக்குத் தொடுத்தனர். மாசுபடுத்தியவரே ஈடு செய்தல் வேண்டுமென உச்சநீதிமன்றம் 1996 ஆகஸ்டு 28-இல் தீர்ப்பளித்தது.

பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் எழுந்தன. கழிவின் அழுகற்பொருளை நுண்ணுயிர்கள் தின்றன; தோல் கெடாதிருக்க இட்ட உப்போ நீரில் கரைந்தே நின்றது. உப்பைத் தின்னும் உயிர் ஏது? ஆகவே நிலையங்களை மேம்படுத்தி, மெல்லிய சவ்வின் வழியே நீரை அழுத்தி உப்பைப் பிரித்து, தெளிந்த நீரை ஆலைக்கே திருப்பலாயினர். பிரிந்த உப்பை எங்கே வைப்பது என்பது வேறொரு தலைவலி!

2025 சனவரி 30-இல் அதே நீதிமன்றம், பாதிக்கப்பட்டோர்க்கு இழப்பீடு வழங்குமாறு மறுபடியும் ஆணையிட நேர்ந்தது.