பள்ளிப் படியும் பல்கலைக்கழக வாசலும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், மதுரையிலிருந்து தென்காசி செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்திருப்பது சிவகிரி. பாளையக்காரர் காலத்திலும் பின்னர் ஜமீன் காலத்திலும் பெயர் பெற்றிருந்த இவ்வூர், நெடுங்காலம் நெல்லை மாவட்டத்துச் சங்கரன்கோவில் வட்டத்தில் இருந்தது. 2019-ல் உருவான தென்காசி மாவட்டத்தில் இன்று இருக்கிறது. இங்கும், அடுத்துள்ள புளியங்குடி, கடையநல்லூர் போன்ற ஊர்களிலும் பள்ளி இறுதித் தேர்வில் தேறிய நம் பிள்ளைகள், கல்லூரி வாசலை மிதிக்க எவ்வளவு தொலைவு நடக்க வேண்டியிருந்தது? இதற்கு விடை மைல்கற்களில் இல்லை, வரலாற்றில் இருக்கிறது.

1857-ல் சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றிய பின், நூறாண்டுகளுக்கும் மேலாக நெல்லைச் சீமையின் கல்லூரிகள் அதனோடு இணைந்தே இயங்கின. தூய யோவான் கல்லூரி, 1923-ல் தொடங்கிய தூய சவேரியார் கல்லூரி, ம.தி.தா. இந்துக் கல்லூரி ஆகியவை இருந்தன. ஆனால் அவை பாளையங்கோட்டையிலும் நெல்லையிலும் இருந்தன. சிவகிரிப் பிள்ளைக்குக் கல்லூரி என்றாலே விடுதி. விடுதி என்றாலே செலவு. பள்ளியில் தமிழில் பயின்றவன் கல்லூரியில் ஆங்கிலத்தில் பாடம் கேட்டுத் திகைத்ததும் உண்டு. தேர்வில் வென்றும் கடையில் கணக்கெழுத அமர்ந்தவர்கள் பலர். அவர்களிடம் அறிவுக்குக் குறைவில்லை, வாய்ப்புத்தான் இல்லை.

இந்நிலையை மாற்றச் சமுதாயப் பெருமக்கள் முன்வந்தனர். 1919-ல் வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி எழுந்தது. 1951-ல் சென்னையில் புதுக்கல்லூரியும், ஜமால் முஹம்மது சாஹிப், காஜாமியான் ராவுத்தர் ஆகியோரின் கொடையால் திருச்சியில் ஜமால் முஹம்மது கல்லூரியும் தோன்றின. 1956-ல் உத்தமபாளையத்தில் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹவுதியாக் கல்லூரி அமைந்தது. நெல்லைக்கு அந்தப் பேறு 1971-ல் கிட்டியது. பதினேழாம் நூற்றாண்டின் பேரறிஞர் சதக்கத்துல்லாஹ் அப்பா அவர்களின் திருப்பெயரால் பாளையங்கோட்டையில் கல்லூரி பிறந்தது.

அரசின் சீர்திருத்தங்களும் துணை நின்றன. முன்னாளில் பதினோராம் வகுப்போடு பள்ளி முடிந்தது. பதினாறு வயதிலேயே புகுமுக வகுப்புக்காகப் பிள்ளை வீட்டை விட்டுப் புறப்பட வேண்டும். 1978-ல் மேல்நிலைக் கல்வி வந்ததும், புகுமுக வகுப்பின் இடத்தைப் பள்ளியே ஏற்றுக்கொண்டது. பிள்ளை வெளியூர் செல்லும் நாள் தள்ளிப்போயிற்று. இது சிறு மாற்றமாகத் தோன்றலாம்; ஆனால் பெண்மக்களை அனுப்பத் தயங்கிய குடும்பங்களுக்கு இது பெருவாய்ப்பு. பட்டம் வழங்கும் இடமும் நெருங்கி வந்தது. 1966-ல் மதுரையிலும், 1990-ல் நெல்லையை அடுத்த அபிஷேகப்பட்டியில் மனோன்மணியம் சுந்தரனார் பெயராலும் பல்கலைக்கழகங்கள் அமைந்தன.

இவ்விடத்தில் நெல்லை தந்த ஒரு பெருமகனை நினைவுகூர்தல் தகும். 1896-ல் பிறந்த கண்ணியத்திற்குரிய காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயீல் சாஹிப் அவர்கள் சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் பயின்றார்கள். 1920-ல், பி.ஏ. தேர்வு நெருங்கிய வேளையில், ஒத்துழையாமை இயக்கத்தின் அழைப்பை ஏற்றுப் படிப்பைத் துறந்தார்கள். நாட்டுக்காகப் பட்டத்தை இழந்த அவர்களே, பின்னாளில் பிறர் பிள்ளைகள் பட்டம் பெறக் கல்லூரிகள் எழ ஊக்கமளித்தார்கள். அன்னாரின் பெயரால் சென்னையில் இன்று ஓர் அரசு மகளிர் கல்லூரி விளங்குகிறது. துறந்தவரின் பெயரில் ஆயிரமாயிரம் பெண்கள் பட்டம் பெறுவது எத்துணைப் பொருத்தம்!

மகளிர் கல்விக்கு வழி அமைத்தோருள் நீதிபதி பஷீர் அஹமது சயீத் அவர்கள் முதன்மையானவர்கள். 1955-ல் சென்னையில் அவர்கள் நிறுவிய மகளிர் கல்லூரி இன்றும் தழைத்து நிற்கிறது. 2007-ல் தமிழகத்தில் முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு தனி ஒதுக்கீடு கிடைத்தது. அரசுப் பள்ளியில் பயின்று உயர்கல்வி கற்கும் மாணவியருக்கு 2022 முதல் மாதம் 1000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டமும் வந்தது.

கல்லூரி அருகில் வந்தது. மொழித் தடை தளர்ந்தது. பொருள் தடையும் குறைந்தது. எஞ்சியிருப்பது வீட்டு வாசற்படி ஒன்றே. மகன் தேறியதும் வெளிநாட்டு வேலையையும், மகள் தேறியதும் திருமணத்தையும் மட்டுமே எண்ணும் வழக்கம் இன்னும் முற்றாக நீங்கவில்லை. முன்னோர் பொருள் ஈந்து கல்லூரிகளைத் திறந்தார்கள். நம் வீட்டுக் கதவைத் திறப்பது நம் கையில் அன்றோ இருக்கிறது!