ஃபிளேவின் ஒடுக்க நொதிகள்

ரைபோஃபிளேவின் (வைட்டமின் பி2), அதிலிருந்து உருவாகும் எஃப்.எம்.என்., எஃப்.ஏ.டி. ஆகிய மஞ்சள் நிற மூலக்கூறுகளை ஒடுக்கும் நொதிகள். இதற்கான எலக்ட்ரான்களை என்.ஏ.டி.எச். அல்லது என்.ஏ.டி.பி.எச். தருகிறது. பிற ஃபிளேவின் நொதிகளுக்கு ஃபிளேவின் துணைக்காரணி மட்டுமே. இவற்றுக்கோ அதுவே வினைப்பொருள். ஒடுக்கி முடித்ததும் வெளியே விட்டுவிடுகின்றன.

இவற்றைப் பற்றிய அறிவில் பெரும்பகுதி ஒளிரும் பாக்டீரியாக்களிலிருந்து வந்தது. தமிழகக் கடலோரத்தில் வலை நிறைய விழுந்து, பெரும்பாலும் கருவாடாகிப்போகும் காரல் மீன் இவ்வகையில் தனிச் சிறப்புடையது. அதன் உணவுக்குழலைச் சுற்றியுள்ள ஒளியுறுப்பில் ஃபோட்டோபாக்டீரியம் லியோக்னதி வாழ்கிறது. இந்த பாக்டீரியத்துக்கு 1967இல் பெயரிடப்பட்டது. ஒளியின் வேதியியலோ அதற்கு முன்பே, 1953இல், ஒரே ஆண்டில் துலங்கியது. ஒளிரும் பாக்டீரியாக்களை உடைத்தெடுத்த சாற்றில் என்.ஏ.டி. துணைநொதியைச் சேர்த்து ஆய்வாளர் ஸ்ட்ரேலர் ஒளியை வரவழைத்தார். மெக்எல்ராய், ஹேஸ்டிங்ஸ் குழுவினர் எஃப்.எம்.என். தேவை என்று காட்டினர். நீள்சங்கிலி ஆல்டிஹைடும் வேண்டும் என்பதைக் கார்மியரும் ஸ்ட்ரேலரும் கண்டனர். ஒடுக்க நொதி தரும் எஃப்.எம்.என்.எச்.2, ஆல்டிஹைடு, ஆக்சிஜன் மூன்றையும் கொண்டு லூசிஃபெரேஸ் என்னும் நொதி ஏறக்குறைய 490 நானோமீட்டர் அலைநீளத்தில் நீலப்பச்சை ஒளியை உண்டாக்குகிறது.

ஒடுங்கிய ஃபிளேவின் காற்று பட்டால் நொடிக்குள் ஆக்சிஜனேற்றமடைந்து ஹைட்ரஜன் பெராக்சைடைத் தரும். ஆகவே சில அமைப்புகளில் ஒடுக்க நொதி அதை அடுத்த நொதிக்கு நேரடியாகக் கைமாற்றலாம் என்று கருதப்படுகிறது.

இந்த ஒடுக்க நொதிகளில், துணைக்காரணியாகவும் ஃபிளேவினை நிலையாகப் பிணைத்திருப்பவை ஒரு வகை. விப்ரியோ ஹார்வி பாக்டீரியத்தின் எஃப்.ஆர்.பி. இதற்குச் சான்று. பிணைக்காதவை மற்றொரு வகை. அவற்றில் புகழ்பெற்றது ஈ. கோலையின் ஃப்ரே. 1987இல் ஃபோன்டகேவ், எலியாசன், ரெய்ச்சார்ட் ஆகியோர் இது ஃபெரிக் இரும்பையும் ஒடுக்குவதைக் கண்டனர். கொல்லிமலையின் பாக்சைட் படிந்த செம்மண் போன்ற நிலங்களில் இரும்பு ஏராளம். ஆனால் கரையாத ஃபெரிக் வடிவில் கிடக்கிறது. மண் பாக்டீரியாக்கள் சிடிரோஃபோர்கள் என்னும் இரும்பு பற்றும் மூலக்கூறுகளால் அதைப் பற்றி உள்ளிழுத்த பிறகு, ஃபெரஸ் வடிவுக்கு மாற்ற உதவுவது ஒடுங்கிய ஃபிளேவின்.

மனிதச் சிவப்பணுக்களிலும் இத்தகைய நொதி உண்டு. மெத்திமோகுளோபின் மிகும்போது தரப்படும் மெத்திலீன் நீலத்தை ஒடுக்கி மருந்தாக்குவது அதுவே. ஜி6பி.டி. என்னும் நொதி குறைபாடுள்ளவர்களிடம் என்.ஏ.டி.பி.எச். போதாததால் இம்மருந்து பலன் தராது, சிவப்பணுக்களையும் சிதைக்கலாம்.

பெட்ரோலியத்திலிருந்து கந்தகம் நீக்கவும், நோயெதிர் மருந்துகளை உருவாக்கவும் இந்நொதிகள் இப்போது ஆராயப்படுகின்றன.