மலைக் கூலி: கேமரன் தேயிலைத் தோட்டங்களில் ஒரு நாள் உழைப்புக்கு விலை வைத்த வரலாறு

கேமரன் மலையில் தேயிலை பெரிய அளவில் பயிராவதற்கு முன்பே, அங்கே கொழுந்து பறிக்கப் போகிறவர்களின் நாட்கூலி காகிதத்தில் எழுதப்பட்டுவிட்டது. எழுதியவர்களின் மனத்தில் தேயிலை இல்லை. பெந்தோங், ரவுப், கோலா லிப்பிஸ் வட்டாரங்களின் பால்மர (ரப்பர்) காடுகளில் ஒரு தமிழ்த் தொழிலாளி உயிர் வாழ எவ்வளவு வேண்டும் என்று கணக்குப் பார்த்தவர்கள் அவர்கள். மலை பகாங் மாநிலத்துக்குள் இருந்ததால் அந்தக் கணக்கு மலைக்கும் ஏறியது. உழைப்பின் நியாய விலை உழைப்பைப் பார்க்காமலே முடிவாவது என்ற வழக்கம் இப்படித்தான் தொடங்கியது. பின்வந்த நூறாண்டுகளில் நிர்ணயிக்கும் கைகள் மாறின, வழக்கம் பெரிதும் மாறவில்லை.

வில்லியம் கேமரன் என்ற அளவையாளர் 1885-ல் இந்த மேட்டுநிலத்தைக் குறித்து வைத்தார். அதன் பிறகு நாற்பது ஆண்டுகள் அங்கே பெரிதாக எதுவும் நடக்கவில்லை. 1925-ல் மலாயாவின் பிரிட்டிஷ் உயர் அதிகாரி ஜார்ஜ் மேக்ஸ்வெல் மலையைப் பார்த்து வந்த பிறகே குளிர்வாச ஊர் அமைக்கும் திட்டமும் தானா ராத்தாவில் வேளாண் சோதனை நிலையமும் உருவாயின. தாப்பாவிலிருந்து மலைப்பாதை வெட்டப்பட்டது. 1929-ல் ஜே. ஏ. ரஸ்ஸல் என்ற தொழிலதிபரும், இலங்கையில் தேயிலை வளர்த்துப் பழகிய ஏ. பி. மில்னும் நிலம் பெற்று, ஹாபு பக்கம் போ தோட்டத்தைத் திறந்தார்கள். 1933-ல் பாரத் நிறுவனம் வந்தது. காட்டை அழித்ததும், சரிவுகளில் நாற்று நட்டதும், லயங்கள் என்ற வரிசை வீடுகளில் குடியேறியதும் பெரும்பாலும் தென்னிந்தியத் தமிழர்கள்.

அவர்கள் வந்து சேர்ந்த காலத்தில் கூலி என்பது முதலாளியும் ஆளும் பேசி முடிக்கும் விஷயமாக இல்லை. அதற்கு முந்தைய தலைமுறையில் சஞ்சிக்கூலி முறை இருந்தது. கடனுக்குக் கையெழுத்து வைத்து, கடன் தீரும்வரை வேலை செய்ய வேண்டும். அது மலாயாவில் 1910-ல் நிறுத்தப்பட்டது. அதன் இடத்தில் கங்காணி முறை ஓங்கியது. தோட்டத்து ஆளே ஊருக்குப் போய்த் தன் கிராமத்தாரைத் திரட்டி வருவார், வேலைக்கு வரும் ஒவ்வொரு தலைக்கும் அவருக்குக் காசு கிடைக்கும். கப்பல் செலவுக்காக 1907-ல் தமிழ்க் குடியேற்ற நிதி ஏற்படுத்தப்பட்டது. தோட்டங்கள் தத்தம் ஆள் எண்ணிக்கைக்கு ஏற்ப அதில் பணம் கட்டின. இலவசமாகக் கப்பலேறிய ஆட்கள் தொடர்ந்து வந்து இறங்கியதால், கூலியை உயர்த்தி ஆள் பிடிக்க வேண்டிய அவசியம் எந்தத் தோட்டத்துக்கும் இல்லாமல் போனது. ஆள் வரத்தைத் திறக்கவும் அடைக்கவும் முடிகிற இடத்தில் சந்தை விலை என்று ஒன்று உருவாகாது. கூலியை அரசு நிர்ணயிக்க வேண்டும் என்ற குரல் எழுந்ததன் காரணம் அதுவே.

அந்தக் குரல் முதலில் இந்தியாவிலிருந்து வந்தது. 1922-ன் இந்தியக் குடியேற்றச் சட்டத்தின்படி, கூலியும் வாழ்க்கை நிலையும் ஏற்கத்தக்கதாக இருந்தால்தான் ஆள் அனுப்ப முடியும் என்ற பிடி இந்திய அரசின் கைக்கு வந்தது. மலாயா 1923-ல் தொழிற்சட்டத்தைத் திருத்தி எழுதியது. மாதத்துக்கு 24 நாள் வேலை கொடுத்தாக வேண்டும் என்ற விதியும், இந்தியக் குடியேற்றக் குழுவுக்கு வட்டாரவாரியாக 'நிலையான கூலி' அறிவிக்கும் அதிகாரமும் அதில் இடம்பெற்றன. கோலாலம்பூரில் இந்திய அரசின் முகவர் ஒருவரும் அமர்ந்தார். ஆனால் குழுவில் அதிகாரிகளும் தோட்டத் தரப்பினருமே பெரும்பான்மை. யாருடைய கூலி பேசப்பட்டதோ அவர்களில் ஒருவர்கூட அந்த மேசையில் இல்லை.

கணக்குப் போட்ட முறை கவனிக்கத்தக்கது. அதிகாரிகள் தோட்டக் கடைகளுக்கும் ஊர்க் கடைகளுக்கும் போய் விலைகளை எழுதினார்கள். ஒரு ஆளுக்கு மாதம் எத்தனை கந்தாங் (மலாய் முகத்தல் அளவு) அரிசி, எவ்வளவு பருப்பு, உப்பு, புளி, மிளகாய், தேங்காய், மண்ணெண்ணெய் என்று பட்டியல் போட்டார்கள். வேட்டி, சேலை, பாய், சவரம், வெற்றிலை பாக்கு, திருவிழாச் செலவு எல்லாம் சேர்ந்தன. அந்தப் பட்டியலிலிருந்து நாட்கூலி பிறந்தது. 1920களின் இறுதியில், போக எளிதான கரையோர வட்டாரங்களுக்கு ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று முடிவாயிற்று. பகாங்கின் உள்வட்டாரங்களுக்கு ஆணுக்கு 58 காசு, பெண்ணுக்கு 46 காசு. அரிசி மூட்டை கரையிலிருந்து உள்ளே போய்ச் சேரும்போது அதன் விலை ஏறிவிடுகிறது, ஆகவே எட்டாத இடத்தில் கூலியும் ஏற வேண்டும் என்பது இந்த வேறுபாட்டின் அடிப்படை. 24 நாள் வேலை செய்த ஆணுக்குப் பகாங்கில் மாதம் 13 வெள்ளி 92 காசு, கரையோரத்தில் 12 வெள்ளி.

ஏறத்தாழ அதே காலத்தில் இலங்கையும் இதே பாதையில் நடந்தது. 1927-ல் அங்கே இந்தியத் தொழிலாளருக்கான குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது. அதன்கீழ் 1929 முதல் ஆணின் நாட்கூலி மலையகத்தில் 54 சதம், இடைநாட்டில் 52, தாழ்நாட்டில் 50. பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் தனித்தனிக் குறைந்த விகிதங்கள். இரு நாட்டு நாணயமும் வேறு என்பதால் எண்களை நேரடியாக ஒப்பிட முடியாது. மேட்டுக்கு ஒரு கூலி, தாழ்வுக்கு ஒரு கூலி என்ற முறைதான் இரண்டுக்கும் பொது. இலங்கையில் மலையகக் கூலி தேயிலை மலைக்காகவே கணக்கிடப்பட்டது. கேமரனுக்கு அப்படி ஒரு தனிக் கணக்கு கிடைக்கவில்லை.

அது சிறிய குறை அல்ல. தேயிலை வளரும் கேமரன் சரிவுகள் கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேல் உள்ளவை. விடியற்காலையில் பெரட்டு என்ற ஆள் கணக்கெடுப்புக்கு நிற்கும்போது கம்பளி வேண்டும், லயத்தில் இரவெல்லாம் அடுப்பு எரிய வேண்டும். பெந்தோங்கும் ரவுப்பும் வெக்கையான பள்ளத்து ஊர்கள். அந்த ஊர்களின் செலவை வைத்துப் போட்ட பட்டியலில் கம்பளிக்கு இடமிருக்க வழியில்லை. பெண்ணின் கூலி விகிதத்திலும் இதே பார்வைக் குறை உண்டு. ஆணின் கூலியில் ஏறத்தாழ 80 விழுக்காடு என்பது ஒரு பெண்ணுக்கு எவ்வளவு சோறு வேண்டும் என்ற ஊகத்தில் வந்தது. தேயிலையிலோ கொழுந்து பறிப்பு பெரும்பாலும் பெண்களின் கைவேலை, தோட்டத்தின் வருமானமே அந்த விரல்களில்தான் தொடங்குகிறது. வயிற்றை அளந்து விலை வைத்தால் கை கணக்கில் வராது.

நிலையான கூலிக்கு இன்னொரு பலவீனமும் இருந்தது. அது தரையாக இருக்கும் என்று எதிர்பார்த்தார்கள், நடைமுறையில் கூரையாகிவிட்டது. அறிவித்த தொகைக்கு மேல் ஒரு காசு கொடுக்கவும் தோட்டங்களுக்குக் காரணம் இருக்கவில்லை. சீனத் தொழிலாளர்கள் இந்த நிர்ணயத்துக்குள் வரவில்லை. தங்கள் குத்தகைக்காரர் மூலம் வேலைக்கு விலை பேசி, பெரும்பாலும் கூடுதலாகவே பெற்றார்கள். பாதுகாப்புக்காக வந்த சட்டம் தமிழரைப் பேரம் பேசாத தரப்பாகவே நிறுத்தி வைத்தது என்று சொன்னால் அது மிகையாகாது.

உலகப் பொருளாதாரப் பெருமந்தம் வந்ததும் தரையும் நிலைக்கவில்லை. 1930-ல் பகாங் உள்வட்டாரக் கூலி ஆணுக்கு 47, பெண்ணுக்கு 37 காசாக வெட்டப்பட்டது. கரையோரத்தில் 40-ம் 32-ம் ஆயிற்று. ரப்பர் விலை மேலும் சரிந்ததும் பல இடங்களில் உண்மையில் கைக்கு வந்தது 30 காசுக்கும் கீழே. அடுத்த சில ஆண்டுகளில் லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டார்கள். கேமரனில் தோட்டங்கள் அப்போதுதான் முளைத்துக்கொண்டிருந்தன. தேயிலையின் விலை வேறு, அதன் காலம் வேறு. இருந்தும் மலையின் கூலியை ஆட்டியது கீழே இருந்த ரப்பரே. சிறு பயிராக இருப்பதன் கதி அது.

விலைகள் தேறிய பிறகு, 1936-ன் கடைசியில் வி. எஸ். ஸ்ரீனிவாச சாஸ்திரி இந்திய அரசின் சார்பில் மலாயா வந்து தோட்டங்களைப் பார்த்தார். 1937-ல் வந்த அவருடைய அறிக்கை 50, 40 காசு விகிதம் திரும்ப வேண்டும் என்றது, கங்காணி ஆள்சேர்ப்பு முடிய வேண்டும் என்றது. மலாயா இந்தியச் சங்கத்தார் அது போதாது என்று குறைப்பட்டார்கள். சீனத் தொழிலாளருக்குச் சமமான கூலியை அறிக்கை கேட்கவில்லை என்பது அந்தக் குறையின் மையம், அது நியாயமான குறை. கூலி உயர்ந்து ஓராண்டு நிறையும்போதே, 1938-ல் முதலாளிகள் மறுபடி 45, 36 காசுக்கு இறக்கினார்கள். அந்த ஜூன் மாதத்தில் இந்தியா, உதவி பெற்றுக் கப்பலேறும் குடியேற்றத்தையே தடை செய்தது. நிர்ணயக் குழுவின் பதினைந்து ஆண்டு வரலாற்றில் தொழிலாளருக்குச் சாதகமாக எடுக்கப்பட்ட மிகக் கடுமையான நடவடிக்கை அதுதான், ஆனால் அதை எடுத்தது தொழிலாளர் அல்ல, ஓர் அயல் அரசு.

தொழிலாளர் தாமே விலை கேட்டது 1941-ல் கிள்ளான் வட்டாரத்தில். சீனருக்குச் சமமான கூலியும், வெள்ளைக்காரரைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்ற கட்டாயத்தின் முடிவும் சேர்த்துக் கேட்கப்பட்டன. பதில் துப்பாக்கியிலிருந்து வந்தது. சில மாதங்களில் ஜப்பானியர் வந்தார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் சயாம் பர்மா ரயில் பாதைக்குக் கொண்டு போகப்பட்டார்கள். கூலிக் கணக்கே அழிந்த ஆண்டுகள் அவை.

போருக்குப் பின் அரசுக் குழுவின் இடத்துக்குத் தொழிற்சங்கம் வந்தது. 1954-ல் பல சங்கங்கள் இணைந்து தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. பி. பி. நாராயணன் அதன் முதல் பொதுச்செயலாளர். நிர்ணய மேசையில் தொழிலாளர் தரப்புக்கு நாற்காலி கிடைத்தது என்பது பெரிய மாற்றம். இருந்தாலும் அந்தப் பேச்சுகளில் ரப்பரே முதலிடம் பெற்றது, கூலி ரப்பர் விலையோடு ஏறி இறங்கும்படி ஒப்பந்தங்கள் எழுதப்பட்டன. மாதச் சம்பளம் என்ற கோரிக்கை பல பத்தாண்டுகள் தள்ளிப் போய், 1990-ன் தொடக்கத்தில் நாடு தழுவிய வேலைநிறுத்தத்துக்கே இட்டுச் சென்றது.

தேயிலையில் நாட்கூலிக்குப் பக்கத்தில் எப்போதும் தராசு நிற்கிறது. பறித்த கொழுந்தை நிறுத்து, கிலோவுக்கு இவ்வளவு என்று கணக்கெழுதுவது இந்தத் தொழிலின் இயல்பு. நான்கரை முதல் ஐந்து கிலோ பச்சைக் கொழுந்து ஒரு கிலோ தேயிலைத் தூளாகிறது. எடைக்கு விலை வைத்தால் வேகத்துக்குப் பலன் உண்டு, தேர்ச்சிக்கு இல்லை. இரண்டு இலையும் ஒரு துளிரும் பார்த்துக் கிள்ளும் கையும், முற்றிய இலையைச் சேர்த்து உருவும் கையும் தராசில் ஒன்றுதான். தரத்தைக் காக்க நிர்வாகம் கழிவு போட்டது. மழை நாளில் ஈரத்துக்குக் கழிவு, கூடைக்குக் கழிவு, முற்றல் இலைக்குக் கழிவு என்பவை தேயிலை நாடுகள் எங்கும் சம்பள நாளின் சச்சரவுகள். இலங்கையில் குறித்த எடை நிறையாவிட்டால் ‘அரைப்பேர்’ விழும், அதாவது அரை நாள் கூலிதான். கேரளத்தின் மூணாற்றில் 2015 செப்டம்பரில் தமிழ்ப் பெண்கள் சங்கத் தலைவர்களையும் ஒதுக்கிவிட்டுச் சாலையில் அமர்ந்தபோது, 232 ரூபாய் நாட்கூலியை 500 ஆக்கக் கேட்டார்கள். கிடைத்தது 301. கேமரனில் அப்படி ஓர் எழுச்சி நடக்காததற்கு அங்கே நியாய விலை கிடைத்துவிட்டது காரணமல்ல, தமிழ்த் தொழிலாளர் அதற்குள் மலையை விட்டு இறங்கத் தொடங்கியிருந்தார்கள்.

அந்த இறக்கத்தின் தொடக்கம் 1969. குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதிச் சீட்டு கட்டாயமாக்கப்பட்டபோது, நாடெங்கும் தோட்டங்களில் பிறந்து வளர்ந்த பலரிடம் காட்டுவதற்குச் சான்றிதழ் இல்லை. ஏறத்தாழ 60,000 பேர் இந்தியாவுக்குத் திரும்பினார்கள். மிஞ்சியவர்களின் பிள்ளைகள் ஆலைகளுக்கும் நகரங்களுக்கும் போனார்கள். கொழுந்துக் கூடையின் இடத்துக்குப் பை பொருத்திய கத்தரிக்கோல் வந்தது, சரிவு இடம் கொடுத்த வயல்களில் இருவர் பிடித்து நடக்கும் அறுவடை இயந்திரம் வந்தது. ஒருவர் ஒரு நாளில் சேர்க்கும் எடை பன்மடங்கு கூடியது, கிலோவுக்கான விலை அதற்கேற்பத் தாழ்த்தி எழுதப்பட்டது. இன்று அந்தச் சரிவுகளில் பங்களாதேஷ், நேப்பாளம், இந்தோனேசியாவிலிருந்து வந்தவர்களே அதிகம்.

மலேசியா முழுமைக்குமான குறைந்தபட்சச் சம்பளம் 2013 ஜனவரியில்தான் நடைமுறைக்கு வந்தது. தீபகற்பத்தில் மாதம் 900 வெள்ளி. தோட்டத் தொழிலாளியும் ஆலைத் தொழிலாளியும் முதன்முறையாக ஒரே எண்ணின் கீழ் வந்தார்கள். 2016-ல் அது 1,000 ஆனது, 2019-ல் 1,100. 2020 பிப்ரவரியில் ஒரு திருப்பம் நேர்ந்தது. மாநகர, நகராட்சி எல்லைகளுக்குள் 1,200 என்றும், மற்ற இடங்களில் 1,100 என்றும் ஆணை பிரித்தது. கேமரன் மலையை ஆள்வது மாவட்ட மன்றம், நகராட்சி அல்ல. ஆகவே மலைக்கு விழுந்தது குறைந்த தொகை. 1920களின் அதிகாரிகள் எட்டாத இடம் என்பதால் அதற்குக் கூடுதல் எழுதினார்கள். நூறாண்டு கழித்து அதே தூரம் கழிவுக்குக் காரணமாயிற்று. பழைய கணக்கில் கம்பளி விடுபட்டிருந்தாலும், மூட்டை மலையேறும் செலவாவது இருந்தது. இந்த வகையில் காலனிய அரசின் கணக்கு சுதந்திர நாட்டின் கணக்கைவிட உண்மைக்கு நெருக்கமாக இருந்தது.

இரண்டு ஆண்டுகளில் அந்தப் பிரிவினை நீங்கியது. 2022 மே முதல் நாடெங்கும் 1,500 வெள்ளி, 2025 பிப்ரவரி முதல் 1,700. ஐந்து பேருக்கும் குறைவாக வைத்திருந்த முதலாளிகளுக்கு மட்டும் ஒவ்வொரு முறையும் சற்று அவகாசம் தரப்பட்டது. எடைக்கோ துண்டு வேலைக்கோ கூலி வாங்குபவருக்கும் மாத முடிவில் இந்தத் தொகைக்குக் குறையக் கூடாது என்று ஆணை சொல்கிறது. கொழுந்துத் தராசுக்கு அடியில் சட்டம் ஒரு தரையை வைத்தது இதன்மூலமே. அந்தத் தரைக்கு மேலே, ஒரு கிலோ கொழுந்துக்கு எத்தனை காசு, ஒரு நாளுக்கு எத்தனை கிலோ என்ற இரண்டு எண்களையும் தோட்ட அலுவலகமே எழுதுகிறது.